கரைக்குப் பூங்கா வந்தாயிற்று, குளத்துக்கு?

கேட்டவர் கோவைக்குத் தெற்கே ஒரு ஊராட்சியைச் சேர்ந்தவர். ஊர்க் குளத்தின் கரையில் நடைபாதை, சிமெண்ட் இருக்கைகள், ஊஞ்சல், சறுக்கு எல்லாம் போட்டுப் பூங்கா திறந்து ஆறு மாதம் ஆகிறதாம். குடியிருப்போர் சங்கம் மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்கிறது. அடுத்து என்ன வேலை எடுக்கலாம் என்று ஊராட்சித் தரப்பிலும் யோசனை கேட்கிறார்கள். கோவைக் குளங்களில் செய்ததில் எது நன்றாக வந்தது, எது சொதப்பியது, அங்கே போலப் படகு விடலாமா என்பது கேள்வி.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் விளக்குக் கம்பம் வருகிறது, செல்ஃபி மேடை வருகிறது, ஓப்பன் ஜிம் இரண்டு இடத்தில் வருகிறது. மதகு (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் கதவு), கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்), வாய்க்கால் என்ற மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பூங்காவுக்குள் நுழைகிறவர் கண்ணில் படுவது கரை மட்டும்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது என்பதெல்லாம் வேலிக்கு அப்பால் நடக்கிற சமாச்சாரம். ஆனால் பன்னிரண்டு வருடமாகக் கோவைக் குளக்கரைகளில் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், பூங்கா நிலைப்பதும் நாறிப்போவதும் அந்த வேலிக்கு அப்பால்தான் முடிவாகிறது.

கோவைக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊரில் ஏரி என்று யாரும் சொல்வதில்லை, எவ்வளவு பெரிதானாலும் குளம்தான். உக்கடம் பெரியகுளம் 300 ஏக்கருக்கு மேல், அதுவும் குளம்தான். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டுக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வழியில் சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று வரிசையாக அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து குளங்களுக்குப் போகின்றன. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று நாங்கள் சொல்லும் குமாரசாமி குளம் எல்லாம் ஒரே சரத்தில் கோத்த மணிகள் மாதிரி. பெரியகுளம் நிரம்பினால் உபரி வாலாங்குளத்துக்குப் போகும். மேலே இருக்கிற குளத்துக்கு வருகிற தண்ணீர்தான் கீழே இருக்கிறதுக்கும். மேலே சாக்கடை கலந்தால் கீழே இருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

2010-ல் எட்டுக் குளங்களைப் பொதுப்பணித் துறை 90 வருடக் குத்தகைக்கு மாநகராட்சியிடம் கொடுத்தது. 2012-ல் மழை பொய்த்தது. 2013 கோடையில் பெரியகுளம் வெடித்துக் கிடந்தபோது மாநகராட்சியும் தன்னார்வ அமைப்புகளும் பொதுமக்களும் சேர்ந்து தூர் வாரினார்கள். நான் குளத்துப் பக்கம் போனதே அப்போதுதான். காலேஜ் பிள்ளைகள், கடைக்காரர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியும் சட்டியுமாக நின்றோம். உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி மண்ணை அள்ளியது பொக்லைனும் டிப்பரும்தான். நாங்கள் சட்டியில் சுமந்தது கணக்கிலேயே சேராது. ஆனால் ஒரு தடவை குளத்துக்குள் இறங்கி நின்றவன், அப்புறம் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது தலையைத் திருப்பித் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்காமல் போகமாட்டான். நிகழ்ச்சி என்றால் என்ன என்பதற்கு இன்றைக்கும் எனக்கு அதுதான் அளவுகோல்.

2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் கோவையும் வந்தது. அந்தப் பணத்தில் குளக்கரைகள் மாறின. பெரியகுளத்துக் கரையில் அகலமான நடைபாதை, சைக்கிள் பாதை, 'ஐ லவ் கோவை' எழுத்து. சுவிட்சர்லாந்து உதவியோடு குளத்தின் மேல் மிதக்கும் சூரிய மின்தகடுகள். குறிச்சிக் குளத்தில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலை. வாலாங்குளத்தில் படகுத் துறை. இதையெல்லாம் குறை சொல்கிறவர்கள் நிறைய, நானும் சொல்வேன். ஆனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியகுளத்துக் கரையில் போய் நின்று பாருங்கள். உக்கடத்து ஒண்டுக் குடித்தனங்களிலிருந்து வந்த பெண்கள் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாலுக்குப் போகக் காசு இல்லாதவர்களுக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. அது சாதாரண விஷயம் இல்லை.

கோளாறு எங்கே என்றால், கரையைக் கட்டிய வேகத்தில் தண்ணீர் வேலை நடக்கவில்லை. பளபளவென்று நடைபாதை, பக்கத்தில் பச்சைக் கம்பளம் போல ஆகாயத்தாமரை. ஆகாயத்தாமரை தானாக வருவதில்லை, சாக்கடை போட்ட உரத்தில்தான் கொழிக்கிறது. ஒரு குளத்தில் (எது என்று சொல்லவேண்டாம்) அதை அகற்ற நாங்கள் பதினைந்து பேர் இறங்கினோம். ஒரு செடியைப் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவது போல நாலடி அகலத்துக்குச் சேர்ந்து வரும். அடியில் வேர் கருகருவென்று குஞ்சம் மாதிரி தொங்கும், அதற்குள் நத்தையும் சேறும் ஷாம்பூ பாக்கெட்டும். தண்ணீரில் இருக்கும்வரை இறகு மாதிரி இருக்கும், கரைக்குத் தூக்கினால் தோள் கழன்றுவிடும். இரண்டு மணி நேரத்தில் ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறைந்தது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். நாங்கள் சுத்தம் செய்த இடம் அடுத்த மாதமே பழையபடி பச்சை. தோதான தண்ணீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிற செடி அது. வாய்க்காலில் வருகிற சாக்கடையை நிறுத்தாமல் அதைப் பிடுங்குவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதைதான்.

இன்னொன்று, கரையின் ஓரம். குளத்துக்குள் சரிந்து இறங்கும் சேற்று ஓரம் நமக்கு அசிங்கமாகத் தெரியும். உள்ளான், மடையான், அரிவாள் மூக்கன், இலைக்கோழி எல்லாவற்றுக்கும் சாப்பாடு அந்த நாலு விரல் தண்ணீரில்தான். அங்கே நேர் சுவர் எழுப்பிவிட்டால் ஆழத் தண்ணீரில் முக்குளிக்கிற நீர்க்காகமும் நீந்துகிற நாமக்கோழியும் சமாளித்துக்கொள்ளும், நடந்து மேய்கிறவை கிளம்பிவிடும். இதற்கு மறுபக்கமாக சிங்காநல்லூர் குளத்தைப் பார்க்கலாம். 2017-ல் அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. செடி, பூச்சி, பறவை எல்லாம் சேர்த்து 700-க்கும் மேற்பட்ட உயிரினங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். அங்கே உள்ள ஈர்ப்பு குளம்தான், கட்டடம் இல்லை.

கோவைக் கரைகளில் குடிசை போட்டு இருந்தவர்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளத்தில் மிதந்த வீட்டைவிட அது மேல் என்றவர்களும் உண்டு, வேலைக்கும் பள்ளிக்கும் தினம் இரண்டு பஸ் மாற வேண்டியதாகிவிட்டது என்று அழுதவர்களும் உண்டு. உங்கள் ஊரில் கரையில் வீடுகள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆடு மாடு தண்ணி குடிக்க இறங்கும் தடம் ஒன்று இருந்திருக்கும், துணி துவைக்கிற கல் இருந்திருக்கும், மீன் குத்தகைக்காரர் வலை காயப்போடும் இடம் இருந்திருக்கும். பூங்கா வேலி அதை அடைத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அடைத்திருந்தால் திறந்துவிடச் சொல்லுங்கள். அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் மேம்பாடு, செலவும் குறைவு.

சரி, இப்போது உங்கள் குளம்.

முதலில் அது யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆயக்கட்டு, அதாவது குளத்தால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. பூங்கா ஊராட்சியுடையது என்பதால் குளமும் ஊராட்சியுடையது என்று நினைத்துக்கொண்டு தூர் வாரப் போய், பொறியாளர் வந்து நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டில் (ஊரின் நிலப் பதிவேடு) குளத்தின் பரப்பு எவ்வளவு என்று பாருங்கள், நில அளவை வரைபடமான புலப்படத்தையும் கேளுங்கள். அ-பதிவேடு இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் உள்ள பரப்பும் கண்ணில் தெரியும் பரப்பும் ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 2007-லேயே ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் கையில் எடுத்தால் ஊர் இரண்டாகப் போய்விடும், பூங்காவும் போய்விடும். ஆவணத்தை மட்டும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாய்க்கால் நடை. சங்கத்தின் முதல் நிகழ்ச்சியாக இதைத்தான் வைக்கச் சொல்வேன். குளத்துக்குள் தண்ணீர் விழும் இடத்திலிருந்து ஆரம்பித்து, வாய்க்காலை ஒட்டியே மேலே, அது பிரிகிற இடம் வரை நடப்பது. இரண்டு கிலோமீட்டரோ நாலு கிலோமீட்டரோ, ஒரு காலைப் பொழுது. ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடும் பழைய நீர்க்கட்டி யாராவது உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம். எங்கே கோழிக்கடைக் கழிவு கொட்டியிருக்கிறது, எங்கே ஒரு லேஅவுட் சாலை வாய்க்காலைக் குறுக்கி ஒரே ஒரு சின்னக் குழாய் போட்டிருக்கிறது, எந்தத் தெருச் சாக்கடை உள்ளே திரும்பியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் குட்டைக்கு இப்படி நடந்தபோது, பத்து வருடமாக நிரம்பாததற்குக் காரணம் மழை இல்லை, ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்குக்காக வாய்க்காலுக்குள் கொட்டிய நாலு லோடு கட்டட இடிபாடுதான் என்று தெரிந்தது. ஒரே நாளில் ஒரு பொக்லைன் எடுத்துவிட்டது. உங்கள் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் கொஞ்சம் கொஞ்சம் கை கொடுக்கும். அதனால் மே மாதக் கடைசியில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை இந்த நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒன்று என்று கட்டாயமாக வைக்காதீர்கள். மூன்றாவது மாதமே ஆள் குறையும், ஐந்தாவது மாதம் செயலாளரும் பொருளாளரும் மட்டும் நிற்பார்கள். குளத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, அதோடு ஒட்டிப் போனால் வருடத்துக்கு ஆறேழு நிகழ்ச்சி தானாக அமையும்.

தை மாதம் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவைகள் இருக்கும். 2015-லிருந்து பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்டு செயலியில் ஏற்றினால் போதும். பைனாகுலர் இல்லையே என்று தயங்கவேண்டாம். நாங்கள் முதல் வருடம் பதினோரு பேர், இரண்டு பைனாகுலர். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நாங்கள் ஒரு பழுப்புக் கொக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் "மடையானைத்தான தேடுறீங்க, மதகுக்கட்டை மேல உக்காந்திருக்குது பாருங்க" என்றார். கண் முன்னால் பத்தடியில் இருந்தது, மண் நிறத்தில் மண்ணோடு. அன்றைக்கு அவர் காட்டியதுதான் பட்டியலில் பாதி. அடுத்த வருடம் அவரையே முன்னால் நிறுத்தினோம், இரண்டு டீக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்குக் கிராம சபை உண்டு. வருடத்தில் நடக்கும் ஆறு கிராம சபைகளில் உங்களுக்கு முக்கியமானது இதுதான். பூங்கா சம்பந்தமான கோரிக்கைகளை மனுவாகக் கொடுத்து அலையாமல், அங்கே தீர்மானமாக ஏற்றிவிடுங்கள். தீர்மானத்தில் "குளத்தை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் அது எங்கேயும் போகாது. "இன்ன சர்வே எண்ணில் உள்ள வரத்து வாய்க்காலில் இத்தனை மீட்டர் தூர் வாருவது, நுழைவாயிலில் கம்பிச் சல்லடை அமைப்பது" என்று எழுத வேண்டும். வாய்க்கால் நடையில் எடுத்த படங்கள் இங்கேதான் உதவும்.

சித்திரை, வைகாசியில் குளம் காயும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இந்த நேரத்தில் மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். விடிகாலையில் ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி சாதனங்களோடும் வலையோடும் நாலு ஊர் ஜனம் ஒரே நேரத்தில் இறங்கும். சாதாரண நாளில் குளத்தைத் திரும்பிப் பார்க்காதவன்கூட அன்றைக்கு இடுப்பளவு சேற்றில் நிற்பான். கொங்குப் பக்கம் அந்த வழக்கம் இல்லை, மீன் குத்தகையும் இருக்கும், அதனால் அப்படியே காப்பியடிக்க முடியாது. ஆனால் காய்ந்த குளத்தில் செய்ய வேறு வேலை உண்டு. வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதை ஒரு வண்டல் வாரமாக அறிவித்து, எத்தனை லோடு யார் எடுத்தார்கள் என்று பலகையில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் விவசாயி பெயரில் செங்கல் சூளைக்குப் போய்விடும். எல்லா இடத்திலும் சமமாக வாரவும் வேண்டாம். நடுவில் ஒரு மண்திட்டு விட்டு நாலு கருவேல மரம் வளர்ந்தால் ஐந்தாறு வருடத்தில் கொக்கும் நீர்க்காகமும் கூடு வைக்கும்.

ஆடி 18-க்கு முளைப்பாரி, கார்த்திகைக்கு விளக்கு என்பதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தண்ணீரை ஒட்டித் திருவிழா எடுப்பது நமக்குப் புதிதா என்ன? மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று தெப்பம் ஓடுவது திருமலை நாயக்கர் காலத்திலிருந்து வருகிறது. குளத்தில் தண்ணீர் இல்லாத வருடங்களில் தெப்பத்தை நிலையிலேயே நிறுத்திச் சடங்கை முடித்தார்கள். வைகையிலிருந்து வருகிற வாய்க்காலைச் சரிசெய்து குளத்தை நிரப்பிய பிறகுதான் அங்கே திருவிழா மறுபடி களை கட்டியது. விளக்கு விடுவதாக இருந்தால் தெர்மாகோல் வேண்டாம், அகல் விளக்கைப் படித்துறையில் வரிசையாக வைத்தால் தண்ணீரில் தெரியும் அழகே போதும். விநாயகர் சிலை கரைப்பை மட்டும் இந்தக் குளத்துக்குள் விடாதீர்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்கு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே தடை இருக்கிறது. களிமண் சிலை என்றாலும் பக்கத்தில் தனிக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம்.

பாட்டுக் கச்சேரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் சூடுபட்டவன். எங்கள் சங்கமே ஒரு புத்தாண்டுக்கு முதல் நாள் குட்டைக் கரையில் மெல்லிசை நிகழ்ச்சி வைத்தது. கரை மேலேயே மேடை, ஜெனரேட்டர், ஏழெட்டு உணவுக் கடை. கூட்டம் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு. பிளாஸ்டிக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம், எல்லாக் கடையிலும் பாக்குமட்டைத் தட்டுதான். பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் காற்றில் பறந்த தட்டுகள் தண்ணீரில் தோணி மாதிரி மிதக்கின்றன. மட்கும் பொருள்தான், யார் இல்லை என்றது? மட்குவதற்கு முன்னால் போய்க் கலிங்கில் அடைத்துக்கொண்டன. அடுத்த மழைக்கு உபரி நீர் போக வழியில்லாமல் நடைபாதை ஓரமாகக் கரை அரித்தது. எதிர்க்கரை மரத்தில் இரவு தங்கிய அரிவாள் மூக்கன்களை அப்புறம் ஒரு வாரம் காணவில்லை. அதிலிருந்து கூட்டம் சேரும் எதையும் கரை மேல் வைப்பதில்லை.

உங்கள் ஊரில் வள்ளி கும்மி ஆடுகிறார்கள் என்றால் அதைவிட நல்ல நிகழ்ச்சி கிடையாது. நூறு பெண்கள் ஒரே நிறச் சேலையில் வட்டம் கட்டினால் பார்க்க ஊரே வரும். ஆனால் அதற்குத் திடல் வேண்டும், கரைக்கு வெளிப்பக்கம் கீழே சமதளத்தில் வையுங்கள். ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு நிற்க வேண்டும் என்பது 2000-லிருந்தே விதி. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் தாராளமாக முடிக்கலாம்.

இனி மேம்பாடு. ஊராட்சி பட்டியல் கேட்டால் நான் எழுதும் வரிசை உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். முதலில் நீர் நுழையும் வாயில். கம்பிச் சல்லடை, அதற்கு முன்னால் மண் படிய ஒரு தொட்டி. தெருச் சாக்கடை உள்ளே வருகிறது என்றால் அதைத் திருப்பிவிட முடியுமா என்று பார்ப்பது. முடியாவிட்டால் குளத்துக்குள் விழுவதற்கு முன்னால் ஒரு ஆழமில்லாத பாத்தி வெட்டி, கோரை, சம்பு, கல்வாழை நட்டு, அதன் வழியாக மெதுவாக ஓடவிடுவது. செடியின் வேரும் அதில் வாழும் நுண்ணுயிரும் அழுக்கில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சென்னையில் செம்பாக்கம் ஏரியைச் சீரமைத்தபோது இந்த மாதிரி இயற்கை வழியைத்தான் எடுத்தார்கள், கேர் எர்த் அறக்கட்டளையும் தி நேச்சர் கன்சர்வன்சியும் சேர்ந்து செய்த வேலை. ஒரு விஷயம், பாத்தியை வருடம் இரண்டு தடவை அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் செடி அழுகித் தின்றதையெல்லாம் திருப்பிக் கக்கிவிடும். அறுப்பதற்கு ஆளும் பணமும் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது கழிப்பறை. பெண்கள் பூங்காவுக்கு வந்து அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள் என்றால் காரணம் இருட்டு மட்டும் இல்லை. கட்டுவது எளிது. பூட்டு யார் கையில், தண்ணீர்த் தொட்டியை யார் நிரப்புவது என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கம் ஒரு பூங்காவில் வாசலில் சுண்டலும் மக்காச்சோளமும் விற்கிற அம்மாவிடம் சாவியைக் கொடுத்து மாதம் ஒரு தொகை தருகிறார்கள். அவரும் கடையை நிம்மதியாக நடத்துகிறார், கழிப்பறையும் திறந்திருக்கிறது. பூங்கா திறந்ததும் கடைகளை விரட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. 2014-லேயே சாலையோர வியாபாரிகளுக்கென்று சட்டம் வந்தாயிற்று. சாயங்காலம் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பது அவர்களால்தான்.

மரம். கரையின் மேலும் உட்சரிவிலும் பெரிய மரம் வைக்கப் பொறியாளர்கள் விடமாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. மரம் பட்டுப்போனால் வேர் இருந்த இடம் பொந்தாகித் தண்ணீர் கசியும். கரையின் வெளி அடிவாரத்தில் நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை வையுங்கள். சரிவில் வெட்டிவேரும் நொச்சியும். பனை விதையை ஆவணி, புரட்டாசியில் பிள்ளைகளை வைத்து நடலாம், ஒரு விதைக்கு ஒரு பிள்ளை. சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று யாராவது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குஜராத்தில் 2023-ல் அதை நடவே தடை போட்டார்கள். விளக்கு குறைவாக, மஞ்சளாக, கீழே பார்த்தபடி, நடைபாதைப் பக்கம் மட்டும். ஓப்பன் ஜிம் உங்கள் இஷ்டம். இரண்டு வருடத்தில் பேரிங் போய்க் கிரீச்சிடாத ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். அதற்கு முன்னால் சங்கத்தின் செலவிலேயே ஒன்று செய்துவிடுங்கள். மதகை ஒட்டி ஒரு கல் தூண் நட்டு, அடிக்கணக்கில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டு எண் எழுதுங்கள். வாசல் பலகையில் வாரம் ஒரு தடவை நீர்மட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியில் எழுதப் பள்ளிப் பிள்ளை ஒருவரை நியமியுங்கள். எங்கள் குட்டையில் இதைத் தொடங்கியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு ஐப்பசியில் மட்டம் ஏழடியைத் தொட்டதும் பால்காரர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த ஆவணியில் நல்ல மழை பெய்தும் மூன்றடியிலேயே நின்றபோது, வாய்க்காலில் என்ன அடைப்பு என்று கேட்டு எனக்குப் போன் செய்தவரும் அவர்தான்.

கடைசியாகப் படகு. வாலாங்குளத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது, அங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் குளத்தில் தண்ணீர் ஐப்பசியிலிருந்து மாசி வரைதான். மிதி படகு வாங்கினால் பங்குனியில் சேற்றில் கவிழ்ந்து கிடக்கும், அடுத்த வருடம் நாய் குட்டி போடும். டிக்கெட், ஆள், காப்பீடு, விபத்துப் பொறுப்பு எல்லாம் ஊராட்சியின் தலையில். படகு சத்தத்துக்குப் பறவை விலகுவது தனி. அதற்குப் பதிலாக மீன் குத்தகைக்காரரிடம் பேசிப் பொங்கலுக்கு இரண்டு நாள் மட்டும் அவருடைய பரிசலில் பிள்ளைகளை நாலு நாலு பேராக ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போகச் சொல்லுங்கள். கூலியைச் சங்கம் கொடுத்துவிடலாம். அதற்கு முன்னால் உயிர்காப்பு ஜாக்கெட் பிள்ளைகள் அளவில் குறைந்தது ஆறு வாங்கிவிடுங்கள். முப்பது வருடமாகப் பரிசல் போடுகிறேன், இடுப்பளவுத் தண்ணிக்கு அதெல்லாம் எதற்கு என்று அவர் சிரிப்பார். சிரிக்கட்டும், மாட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.